ஏழாவது கட்டம்

34 ஆண்டுகள் பள்ளிகளில் புவியியல் கற்பித்தவன் நான். உலக வரைபடத்தின் வெற்றுத்தாளை மாணவர் கையில் கொடுத்து, நாடுகளின் எல்லைகளை மையால் வரைந்து, ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு வண்ணம் தீட்டச் சொல்வேன். கோடு பிசகினால் மதிப்பெண் குறைப்பேன். அக்கோடுகளைக் கடப்பது எத்தகைய காரியம் என்பதை மட்டும் நான் கற்பித்ததில்லை. எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. பணி ஓய்வு பெற்றுக் கும்மிடிப்பூண்டியில் குடியேறிய பின்னர், இரண்டு இளையோரின் பொருட்டு அதனைக் கற்க நேர்ந்தது. கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் இதனைப் படிக்கும் பெற்றோருக்கும் பங்கு இளையோருக்கும் பயன்படக் கூடும் என்பதால் எழுதுகிறேன்.

இருவருள் ஒருவன் எங்கள் பங்கைச் சேர்ந்தவன். தந்தையார் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்சி முடித்து, அதே தொழிற்பேட்டையில் நாட்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். மற்றவள் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்த பெண், பட்டம் பெற்றவள், முகாமில் சிறுவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துபவள். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்காக அருட்சகோதரிகள் நடத்தும் இல்லமொன்றில் ஞாயிறுதோறும் இருவரும் உதவி செய்து வந்தனர். குழந்தைகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சக்கர நாற்காலியின் துருவேறிய அச்சைச் சரி செய்வது என்று எந்த வேலையையும் தட்டாத பிள்ளைகள். 2022 ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வில்லத்தைப் பார்வையிட வந்த ஐரோப்பியத் துறவி ஒருவர், தம் நாட்டில் இதேபோன்ற இல்லத்தில் ஓராண்டு தொண்டாற்ற வருமாறு இருவரையும் அழைத்துச் சென்றார். இரண்டு மாதத்தில் முறையான அழைப்புக் கடிதங்களும் வந்தன. ஒரே உறைக்குள் இரண்டு கடிதங்கள்.

தொண்டு செய்ய இங்கிருந்து அங்கே ஆள் போவதா என்று சிலர் வியந்தனர். உண்மையில் அங்கே கைகள் தேவைப்படுகின்றன. ஜெர்மனியைச் சான்றாகச் சொல்லலாம். அங்கே கட்டாய இராணுவப் பணியை ஏற்க மனமில்லாத இளைஞர்கள் அதற்கு ஈடாக முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பணி செய்து வந்தனர். 2011 இல் கட்டாய இராணுவப் பணி நிறுத்தி வைக்கப்பட்டபோது அந்த இளைஞர் வரிசையும் நின்றுபோயிற்று. அவ்விடத்தை நிரப்ப அதே ஆண்டில் அரசு ஒரு தொண்டுப்பணித் திட்டத்தைத் தொடங்கியது. தங்குமிடம், உணவு, காப்பீடு, சிறிதளவு கைச்செலவுப் பணம் ஆகியவை உண்டு, ஊதியம் இல்லை. வெளிநாட்டவரும் சேரலாம். இது தொண்டா, மலிவான கூலியா என்று கேட்பவர்களும் உள்ளனர். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் அந்தத் துறவியாரிடம் கேட்டேன். எத்தனை மணி நேர வேலை, எத்தனை நாள் விடுப்பு, யார் பொறுப்பு என்று அவர் விடை எழுதி அனுப்பிய பிறகே மனம் அமைந்தது.

மனம் அமைந்ததும் நான் வழிகாட்டியாக மாறினேன். தவறு அங்கேதான் தொடங்கிற்று.

என் மனத்தில் இருந்தது ஒரு பழைய காட்சி. நான் மாணவனாயிருந்தபோது, 1979 ஆக இருக்கலாம், எங்கள் பள்ளிக்கு இங்கிலாந்திலிருந்து ஓர் இளைஞர் வந்து ஓராண்டு ஆங்கிலம் கற்பித்தார். விடுதியில் எங்களோடு சோறும் சாம்பாரும் உண்டார். சாப்பாட்டு மணி அடித்தால் எங்களுக்கு முன்னதாகத் தட்டோடு நிற்பார். அவர் கையில் கடவுச்சீட்டு ஒன்றே இருந்தது. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்ற முறையில் விசா தேவைப்படவில்லை. பிரித்தானியருக்கு இந்தியா விசா விதித்தது 1984 இல். இந்தியருக்குப் பிரித்தானியா விதித்தது 1986 இல். அந்த இளைஞரின் எளிமையான வருகையே தொண்டுப் பயணத்தின் இலக்கணம் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். நல்லெண்ணம் இருந்தால் போதும், கதவு திறக்கும் என்ற நம்பிக்கை.

எனவே அந்தப் பையனிடம் சொன்னேன்: "சம்பளம் இல்லையென்றால் அது வேலை ஆகாது, தம்பி. முதலில் மூன்று மாதத்திற்குச் சுற்றுலா விசா எடுத்துப் போய்ப் பார். பிடித்திருந்தால் பிறகு ஓராண்டைப் பற்றி யோசிக்கலாம்." படிவத்தில் பயண நோக்கத்திற்கு எதிரே பல கட்டங்கள் இருந்தன, சுற்றுலா, வணிகம், உறவினரைக் காணல், பண்பாடு, படிப்பு என்று நீண்டு, கடைசியில் 'பிற' என்றும் ஒன்று இருந்தது. நான் சுற்றுலாவில் குறியிடச் செய்தேன். அழைப்புக் கடிதத்தையும் கூடவே இணைத்தேன். அக்கடிதத்திலோ, இவர் எங்கள் இல்லத்தில் பணியாற்றுவார் என்று தெளிவாக எழுதியிருந்தது. படிவம் ஒன்று சொல்ல, கடிதம் வேறொன்று சொல்லிற்று. இதைக்கூடக் கவனிக்கவில்லை நான். ஒரு சொல் மாறினாலும் மாணவரின் விடையில் சிவப்புக் கோடு இட்டவன்!

இரண்டாவது தவறு இன்னும் கூச்சம் தருவது. வங்கிக் கணக்கில் போதிய பணம் காட்ட வேண்டும் என்றனர். பையனின் கணக்கில் இருந்தது 11,000 ரூபாய். என் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து 2 இலட்சம் ரூபாயை எடுத்து, விண்ணப்பிக்க ஒரு வாரம் இருக்கையில் அவன் கணக்கில் போட்டேன். திரும்பப் பெறுவதாகத்தான் ஏற்பாடு. அன்பளிப்பும் இல்லை, கடன் என்று எழுதவும் இல்லை. அவன் தயங்கினான். "இது நம்ம பணம் இல்லையே, சார்?" என்றான். "ஒரு மாதத்திற்கு உன் பணம்தான்" என்று நான் சிரித்தேன். பொய்ச்சான்று சொல்லாதே என்பதைக் குழந்தைகளுக்கு மறைக்கல்வியில் கற்பித்தவன் சிரித்த சிரிப்பு அது.

மூன்று வாரத்தில் கடவுச்சீட்டு திரும்பி வந்தது. உள்ளே மறுப்புத் தாள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் அனைத்திற்கும் பொதுவான அச்சடித்த தாள் அது. காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்துவதில் குறியிடுவர். இரண்டில் குறி இருந்தது. ஒன்று, பயண நோக்கத்திற்கான விளக்கம் நம்பத்தக்கதாக இல்லை. மற்றொன்று, விசா முடியுமுன் நாட்டை விட்டு வெளியேறுவார் என்பதில் ஐயம் உள்ளது. கட்டணம் 80 யூரோ, அன்றைய மதிப்பில் 7,000 ரூபாய்க்கு மேல், திரும்பி வராது. அவனுக்கு அது பத்து நாள் கூலி. அம்மறுப்பு அந்நாடுகளின் பொதுக் கணினிப் பதிவில் ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும் என்பதையும் பின்னரே அறிந்தேன்.

அந்த அலுவலரின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் தாள்களை அவர் சரியாகவே படித்திருக்கிறார்.

அதன்பின்தான் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். ஊதியம் இல்லாததால் அது வேலை ஆகாது என்ற என் எண்ணத்தைப் பெரும்பாலான நாடுகள் ஏற்பதில்லை. ஊதியமில்லாத உழைப்பும் அங்கே பிறர் செய்திருக்கக்கூடிய வேலை; அங்கே விபத்து நேர்ந்தால் யாரேனும் பொறுப்பேற்க வேண்டும்; அதிகார ஏட்டில் இல்லாதவனைச் சுரண்டுவதும் எளிது. நம் நாடும் இப்படித்தான் பார்க்கிறது. மின்னணுச் சுற்றுலா விசாவில் இந்தியா வருபவர் பணம் பெறாமல் ஒரு மாதம் வரை தொண்டு செய்யலாம். அதற்கு மேல் தொண்டு நிறுவனத்தில் பணியாற்ற வருபவர், ஊதியம் பெறாவிடினும், வேலைவாய்ப்பு விசா வகையில் விண்ணப்பிக்க வேண்டும். மறைப்பணிக்கென்று தனி விசா உண்டு. பிரித்தானியாவில் அறப்பணியாளருக்கு 12 மாதம் வரை தனி விசா இருக்கிறது. உரிமம் பெற்ற அறநிறுவனம் ஒன்று பொறுப்பேற்றுச் சான்று தர வேண்டும். அந்நிறுவனமே செலவுக்கு உறுதி கூறாவிட்டால், விண்ணப்பிப்பவர் 1,270 பவுண்டைத் தம் கணக்கில் 28 நாள்கள் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு வாரத்திற்கு முன் போட்ட என் 2 இலட்சம் ஏன் செல்லவில்லை என்பது அந்த 28 என்னும் எண்ணைப் படித்தபோது விளங்கிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2016 இல் வெளியிட்ட நெறிமுறையொன்று தொண்டர்களைத் தனி வகையாகவே கருதுகிறது. தொண்டரும் நிறுவனமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அதில் பணியின் தன்மை, காலம், நேரம், மேற்பார்வை, உணவு உறைவிடத்திற்கான வழி, கைச்செலவுப் பணம் ஆகியன குறிக்கப்பட வேண்டும். ஆக, ஏழை ஒருவன் தன்னிடம் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. அழைப்பவர் காட்ட வேண்டியதை நான் அவன் தலையில் சுமத்தியிருந்தேன்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. இதை எழுதுவதற்காகத்தான் மேலே சொன்னவை அனைத்தையும் எழுதினேன்.

பையனுக்குப் படிவம் நிரப்பிய அதே நாள் மாலை, என் வீட்டுத் திண்ணையில் அவளிடமும் ஒரு படிவத்தைக் கொடுத்திருந்தேன். குடும்பப் பெயர், பிறப்பின்போது குடும்பப் பெயர், பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர் என்று அவள் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே போனாள். ஆறாவது கட்டம், பிறந்த நாடு. இந்தியா என்று எழுதினாள். ஏழாவது கட்டம், தற்போதைய குடியுரிமை. பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சார், இதுல என்ன எழுதட்டும்?"

புவியியல் ஆசிரியனுக்கு விடை தெரியவில்லை. கடவுச்சீட்டு இல்லாமல் விசா இல்லை, நாடு இல்லாமல் கடவுச்சீட்டு இல்லை என்பதை யோசியாமலே அவளை உட்கார வைத்துப் படிவத்தைக் கொடுத்திருக்கிறேன். முகாமின் வாசலை ஆயிரம் முறை கடந்து போனவன் நான்.

அவளுடைய தாய் 1990 இல், இரண்டாம் ஈழப்போர் மூண்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுமியாகப் படகில் வந்தவர். மகள் 1999 இல் இதே மாவட்டத்தில் பிறந்தாள். இந்திய மண்ணில் பிறந்தவர் எல்லாரும் பிறப்பாலேயே குடிமக்கள் என்ற நிலை 1987 ஜூலை 1 ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதன்பின் பிறந்தோருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும். 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்த நளினி என்ற பெண்மணி, இந்தத் தேதிக்கு முன் பிறந்தவர் என்ற காரணத்தால், 2022 இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் ஆணையால் இந்தியக் கடவுச்சீட்டு பெற்றார். 2024 இல் வாக்கும் அளித்தார். செய்தித்தாளில் அப்படத்தைக் கண்டு முகாமே மகிழ்ந்தது. 1999 இல் பிறந்தவளுக்கு அவ்வழி இல்லை. 2021 இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. புதிய வீடுகள் கட்ட நிதி ஒதுக்கியது. 2025 செப்டம்பரில் நடுவண் அரசு, 2015 ஜனவரி 9 ஆம் நாள் வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. நல்லவைதாம். ஏழாவது கட்டத்தில் எழுத ஒரு சொல்லை இவற்றுள் எதுவும் தரவில்லை.

வேறொரு வழி இருக்கிறது. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து, பெற்றோரின் வழியில் இலங்கைக் குடியுரிமை பெற்று, கடவுச்சீட்டு எடுக்கலாம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதற்குப் பல ஆண்டுகளாக உதவி வருகிறது. பின்னர் இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி பெற வேண்டும். அதன்பின் ஐரோப்பிய விசா. இவற்றையெல்லாம் விசாரித்து, வரிசையாக எழுதிக்கொண்டு, ஏதோ கண்டுபிடித்தவனைப் போல அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் தாளை முழுவதும் படித்தாள்.

"போறது சரி, சார். ஒரு வருஷம் முடிஞ்சு அம்மாகிட்ட திரும்பி வரதுக்கு எந்த நாட்டு விசா கேட்கணும்?"

இந்திய விசா. வெளியேறும் அனுமதியோடு போனவரின் பெயர் முகாமின் பதிவிலிருந்து நீங்கிவிடும். பிறந்த ஊருக்கு அவள் அயல்நாட்டுப் பயணியாக விண்ணப்பித்து வர வேண்டும்; கொடுப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை. அதைவிடவும் தாயாரின் அச்சம் வேறு. இலங்கைக் குடியுரிமையைப் பதிந்துகொண்டால், என்றாவது ஒருநாள் இந்தியக் குடியுரிமை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அடைபட்டுவிடுமோ என்பது. அடுப்படியிலிருந்து அவர் வெளியே வந்து, சேலைத் தலைப்பில் கை துடைத்தபடி சொன்னார்: "மாஸ்டர், நீங்கள் நல்ல மனசோடதான் செய்தனீங்கள். ஆனால் பிள்ளைக்கு ஆசை காட்டிப்போட்டியள்."

அதற்கு நான் விடை கூறவில்லை. அவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

'திரும்பிப் போவாயா' என்ற கேள்வியே விசா விதிகள் பலவற்றின் உள்ளே இருப்பது. நிலப் பட்டா கேட்பதும், வேலைச் சான்று கேட்பதும், குடும்ப விவரம் கேட்பதும் அதற்காகவே. பையனின் குடும்பம் புறம்போக்கு நிலத்தில் வாழ்வது; பட்டா இல்லை. அவனுக்குத் திரும்பி வரக் காரணம் உண்டு, காட்டத் தாள் இல்லை. அவளுக்கோ காரணமும் உண்டு, வர உரிமை இல்லை. வீரமாமுனிவரின் நினைவு அப்போது எழுந்தது. அவரும் அனுமதியின்றி வந்துவிடவில்லை. போர்ச்சுகல் மன்னரின் ஆதரவில் நடந்த மறைப்பணிக்கு அம்மன்னரின் இசைவு பெற்று லிஸ்பனிலிருந்தே கப்பலேற வேண்டும் என்பது அன்றைய முறை. இத்தாலியரான அவர் 1710 இல் கோவாவில் வந்திறங்கி, 1747 இல் இங்கேயே இறந்தார். திரும்பிப் போவீரா என்று அவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் தமிழுக்கு நட்டம்.

பையன் ஓராண்டு காத்திருந்து மறுபடியும் விண்ணப்பித்தான். இம்முறை ஓராண்டுக்கான தொண்டர் விசா. ஒப்பந்தம் அங்கிருந்து வந்தது. காப்பீட்டுச் சான்றும் அவர்களே அனுப்பினர். அந்நாட்டு மொழியின் தொடக்கநிலைத் தேர்வை அவன் எழுதினான். அதற்குப் பயிற்சி கொடுத்தவள் அவள்தான். ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு இருவரும் படித்தார்கள். அவனுக்கு முன்னதாக அவள் கற்றுக்கொண்டு, மாலை வகுப்பு முடிந்தபின் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பாள். முந்தைய விண்ணப்பத்தில் நடந்தவற்றை ஒளிக்காமல் எழுதி ஒரு கடிதம் இணைக்க வேண்டும் என்றும் அவளே சொன்னாள். அந்தப் பணம் என்னுடையது, அந்த அறிவுரையும் என்னுடையது என்று கையெழுத்திட்டு நானும் ஒரு கடிதம் கொடுத்தேன். 34 ஆண்டுப் பணிக்காலத்தில் அத்தகைய கடிதம் எழுதியதில்லை.

நேர்காணலுக்கு முந்தைய வாரம், முகாமில் அவர்கள் வீட்டு வாசலில் ஒத்திகை நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் விசா அலுவலராக அமர்ந்திருந்தாள். எதிரே அவன். சுற்றிலும் மாலை வகுப்புச் சிறுவர்கள்.

"நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?"

"என் தாய்நாட்டின் மீது எனக்கு மிகுந்த பற்று உண்டு" என்று மனப்பாடம் செய்ததைத் தொடங்கினான்.

"அதெல்லாம் வேணாம். வீட்ல எத்தனை பேரு? அடுத்த வருஷம் யாரு சம்பாதிப்பா?"

"தங்கச்சி நர்ஸிங் ரெண்டாவது வருஷம். அப்பாவுக்கு 58 ஆயிடுச்சு. நான் வரலைன்னா ஃபீஸ் யாரு கட்டுவா?"

"இதைச் சொல்லு" என்றாள்.

அதையே சொன்னான். விசா கிடைத்தது. 2024 செப்டம்பரில் புறப்பட்டான். போனவன் எங்கே திரும்பப் போகிறான் என்று தெருவிலும் சிலர் பேசினர். தூதரகத்தின் ஐயமும் தெருவின் ஐயமும் ஒன்றாகவே இருந்தன. ஓராண்டு முடிந்து, குறித்த நாளில் திரும்பி வந்தான். சென்டிரலிலிருந்து மின்தொடர் வண்டியில் மீஞ்சூரும் பொன்னேரியும் கவரைப்பேட்டையும் கடந்து வந்து, இரண்டு பெரிய பெட்டிகளோடு இறங்கினான். அதே வண்டியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த இளைஞர்களும் துணிமூட்டைகளோடு இறங்கினார்கள். ஆயிரம் கல் தொலைவு. கையில் பயணச்சீட்டு ஒன்றே. அவர்களை எவரும் எதுவும் கேட்கவில்லை.

அவளும் நிலையத்திற்கு வர விரும்பினாள். அன்று முகாமில் பதிவு சரிபார்க்கும் நாளாக இருந்ததால் வர இயலவில்லை. மறுநாள் என் வீட்டுத் திண்ணையில் மூவரும் அமர்ந்தோம். அவன் சொன்ன கதைகளைக் கேட்டபின், கடவுச்சீட்டைக் காட்டச் சொன்னாள். பக்கங்களைப் புரட்டி, ஒட்டியிருந்த விசாவைப் பார்த்தாள். சென்னை விமான நிலையத்தில் குத்திய வருகை முத்திரையைச் சற்று அதிக நேரம் பார்த்தாள். பிறகு, மாலை வகுப்புக்கு நேரமாயிற்று என்று எழுந்துகொண்டாள்.

அங்கிருக்கும் இல்லத்திலிருந்து அவளுக்கு ஆண்டுதோறும் கடிதம் வருகிறது. அழைப்பு இன்னமும் இருக்கிறது என்று எழுதுகிறார்கள். துணைத் தூதரகப் பதிவைப் பற்றித் தாயும் மகளும் இன்னும் முடிவு செய்யவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அன்று அவள் எழுதிய படிவம் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஆறு கட்டங்கள் வரை அவளுடைய கையெழுத்து இருக்கிறது.